குடிநீர் ஆதாரம் எண் ஒன்று

கொம்பையா செத்த அன்று காலையில் அவன் பெண்டாட்டி சுடலைவடிவு துவைத்துக் கொடியில் போட்ட நீலக்கட்டச் சட்டை நான்கு வருஷம் காயவில்லை. சித்திரை வெயிலில் காயவில்லை, ஆடிக் காற்றில் காயவில்லை, தகரக் கூரையே இற்று உதிர்ந்துபோகும் அந்த உப்புக் காற்றிலும் காயவில்லை. இப்போதுதான் அலசிப் பிழியாமல் போட்டது மாதிரி இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு அது ராப்பகலாகச் சொட்டியது. அவள் துவைத்தது சவர்த் தண்ணீரில். சொட்டியது நல்ல தண்ணீர்.

அவர்கள் இருந்த ஊருக்குப் பெயர் திட்டு. ஊர் என்று அங்கே இருக்கிறவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள், அரசாங்கத் தாளில் எதிலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. வடக்கே கருவேலடி ஊராட்சி, தெற்கே சிப்பிமுனை ஊராட்சி, இரண்டுக்கும் எல்லையாக நடுவில் ஒரு ஓடை. ஒரு புயல் வருஷத்தில் அந்த ஓடை தன் பழைய தடத்தை விட்டுத் தெற்கே அரை மைல் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது, பழைய தடத்துக்கும் புதுத் தடத்துக்கும் நடுவில் கிடந்த மேட்டில் உப்பளத்துக் கூலிக்காரர்கள் அறுபது வீடு கட்டிக்கொண்டார்கள். கருவேலடிக்காரர்களைக் கேட்டால் எல்லை பழைய ஓடைதான், நீங்கள் அதற்குத் தெற்கே இருக்கிறீர்கள், சிப்பிமுனைக்குப் போங்கள் என்றார்கள். சிப்பிமுனைக்காரர்களைக் கேட்டால் எல்லை புது ஓடைதான், நீங்கள் அதற்கு வடக்கே இருக்கிறீர்கள், கருவேலடிக்குப் போங்கள் என்றார்கள். அதனால் திட்டுக்குக் குழாய் கிடையாது, தெருவிளக்கு கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. அங்கே பிறந்தவர்கள் பிறந்ததற்கும் செத்தவர்கள் செத்ததற்கும் எழுத்து கிடையாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது.

கொம்பையா ரத்தினசபாபதி முதலாளியின் உப்பளத்தில் மோட்டார் பார்த்தவன். கிணற்றில் இருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற மோட்டார் அது, அதன் வயரில் மேல்தோல் உரிந்து செம்பு வெளியே தெரிந்தது. இரண்டு மாதமாக அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான், இரண்டு மாதமாக முதலாளி பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் மோட்டார் கொட்டகையில் ஈரக்காலோடு நின்ற இடத்திலேயே அவன் கருகி விழுந்தான். முதலாளியின் ஆட்கள் உடம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, போலீசுக்குச் சொன்னால் அறுத்துப் பார்ப்பார்கள், முகம் கூடக் கிடைக்காது, நாங்கள் இருக்கிறோம், முதலில் காரியத்தைப் பாருங்கள் என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் மணல்மேட்டில் குழி தோண்டி அடக்கம் செய்ய வைத்தார்கள். மறுநாள் காலையில் போனால் கொட்டகையில் மோட்டார் இல்லை, வயர் இல்லை, கொட்டகையே இல்லை. அதற்கு அடுத்த நாள் முதலாளி ஒரு புகார் கொடுத்தார்: எங்கள் அளத்தில் கொம்பையா என்று ஒருவன் வேலை பார்த்தான், மோட்டாரைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான்.

மாதத்துக்கு ஒரு தடவை ஏட்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் நின்று கொம்பையா எங்கே என்று கேட்டார். செத்துப்போனார் என்று வடிவு சொன்னாள். சான்றிதழைக் காட்டு என்று ஏட்டு சொன்னார். மணல்மேட்டைக் காட்டினாள். மணல் எல்லாம் சான்று ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஆறாவது மாதம் நீதிமன்றத்தில் இருந்து ஒரு தாள் வந்தது, அதைக் கதவில் ஒட்டிவிட்டு அவர் போனார். எட்டாம் வகுப்பு வரை படித்த வடிவு அதை எழுத்துக்கூட்டாமலே படித்தாள். தேடப்படும் குற்றவாளி, தலைமறைவு என்று போட்டிருந்தது. பதினேழு வருஷம் அவளோடு இருந்து, ஒரு நாள் கூடச் சொல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாத மனுஷன். அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. வயிற்றுக்குள் அடுப்பில் வைத்த கல் மாதிரி ஒன்று உட்கார்ந்துகொண்டது, அதற்கப்புறம் அது ஆறவே இல்லை.

சான்றிதழ் கேட்டு அவள் கருவேலடிக்குப் போனாள், சிப்பிமுனைக்குப் போனாள், தாலுகா ஆபீசுக்குப் போனாள். ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு போட்டால்தான் பதிய முடியும் என்றார்கள். கோட்டாட்சியர் உத்தரவு போட வேண்டும் என்றால், இந்த இறப்பு எங்கள் பதிவேட்டில் இல்லை என்று ஊராட்சியில் ஒரு சான்று வாங்கி வர வேண்டும் என்றார்கள். இல்லை என்பதற்கு ஒரு சான்றா என்று அவள் கேட்டாள். ஆமாம், இல்லை என்பதற்குத்தான் என்றார்கள். கருவேலடி கிராம நிர்வாக அலுவலர் ஜெயசிங் நல்லபடியாகப் பேசுகிற மனுஷன், உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். பதிவேட்டைத் தேடிப் பார்த்து இல்லை என்றுதான் எழுதித் தர முடியும், உங்கள் ஊருக்குப் பதிவேடே கிடையாதே, இல்லாத நோட்டில் இல்லை என்று நான் எப்படித் தேடிப் பார்ப்பது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வடிவு எழுந்து வந்தாள்.

இதற்கு நடுவில் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. முதல் வாரம் அவள் அதைப் பிழிந்து பிழிந்து போட்டாள். இரண்டாவது வாரம் கீழே ஒரு சட்டியை வைத்தாள். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு மாடத்தி சட்டியில் இருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்து வந்தாள். குடிக்கிற தண்ணீருக்காக மூன்று மைல் நடக்கிற ஊர் அது. ஒரு நாளைக்கு நாற்பது குடம் வந்தது. அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் பெட்டியைத் திறந்து, செத்தவர்களின் துணி என்று கண்ணில் படாமல் வைத்திருந்ததை எல்லாம் எடுத்து நனைத்துக் கொடியில் போட்டார்கள். எதுவும் காயவில்லை. ஊருக்குப் பெரியவரான வேம்படி அண்ணாச்சியின் செத்துப்போன பெண்டாட்டியின் பச்சைச் சேலை இருபது குடம் கொடுத்தது. பாம்பு கடித்துச் செத்தவனின் வேட்டி பதினெட்டுக் குடம். பிறந்து ஐந்தாவது நாள் செத்துப்போன மாடத்தியின் பெண்குழந்தைக்குப் போட்டிருந்த ஜப்லா, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அது மூன்று குடம் கொடுத்தது. மொத்தம் முப்பத்தொரு துணி. வேம்படியின் தங்கச்சி ஒருத்தி மட்டும் டவுன் ஆஸ்பத்திரியில் செத்து, ஆஸ்பத்திரியிலேயே சான்றிதழும் வாங்கிக்கொண்டு வந்தவள், அவள் சேலை அரை மணி நேரத்தில் எல்லாச் சேலையும் போலக் காய்ந்து மொடமொடவென்று நின்றது. எதனால் என்று ஊருக்கு விளங்கிவிட்டது, யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊரின் நடுவில் தேக்குக் கம்பு நட்டு நீளக் கொடி கட்டினார்கள். வேம்படி அண்ணாச்சி முறை வைத்துக் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று புண்ணாகிக் கிடந்த பெண்களின் கால்கள் ஆறின. வீட்டுக்கு வீடு முருங்கை வந்தது. திட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் தாங்களாகத் தேடி வந்தார்கள். யாராவது செத்தால் செத்துப்போனார் என்று சொல்லுகிற வழக்கம் போய், கொடிக்குப் போயிட்டாவ என்று சொல்லுகிற வழக்கம் வந்தது. படுக்கையில் கிடக்கிற கிழவர்களைப் பார்க்க வருகிறவர்கள் அவர்களுடைய வேட்டி எட்டு முழமா நாலு முழமா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள், கிழவர்களும் அது தெரிந்து, சிலபேர் சிரித்தார்கள், சிலபேர் வேட்டியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். சான்றிதழ் என்ற பேச்சு ஊரில் யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. வடிவு மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறப் போகும்போது, போன தடவை மாதிரி இந்தத் தடவையும் கிடைக்காமல் போகட்டும் என்று அவளோடு சேர்ந்து குடம் பிடிக்கிறவர்களே மனசுக்குள் நினைத்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர்களுக்குக் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

மூன்றாவது வருஷம் மழை பொய்த்தது, கருவேலடியில் கிணறு வற்றியது, சிப்பிமுனையில் போர்க்குழாயில் காற்று வந்தது. அப்போதுதான் இரண்டு ஊராட்சிக்கும் திட்டு இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எல்லை புது ஓடைதான், ஆகவே திட்டு எங்களுடையது என்று கருவேலடி எழுதிக் கொடுத்தது. எல்லை பழைய ஓடைதான், ஆகவே எங்களுடையது என்று சிப்பிமுனை எழுதிக் கொடுத்தது. இருபது வருஷம் சொன்னதை இரண்டு பேரும் ஒரே வாரத்தில் மாற்றிச் சொன்னார்கள். மேலே இருந்து ஒரு அதிகாரி வந்து, எல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தண்ணீரைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள், இருப்பதைக் கணக்கெடுத்துப் பட்டியல் போடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

பட்டியல் போட வந்தது ஜெயசிங். கூடவே சுகாதார ஆய்வாளர் ஒருவரும் வந்தார். இரண்டு பேரும் கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்து ஒன்றும் திகைக்கவில்லை, இந்த ஆபீஸ்காரர்கள் எதையும் ஒரு படிவத்தில் அடைத்துவிடக் கூடியவர்கள். ஆதார எண், துணி வகை, துணிக்கு உரியவர், எந்த நாளில் இருந்து சொட்டுகிறது, நாளொன்றுக்கு எத்தனை குடம் என்று கட்டம் கட்டி எழுதினார்கள். செத்தவர் தொற்றுநோயில் செத்திருந்தால் தண்ணீரை ஊருக்குக் கொடுக்க முடியாது என்று ஆய்வாளர் சொன்னதால், எங்கே எப்படிச் செத்தார் என்றும் ஒரு கட்டம் போட்டார்கள். வடிவு முறை வந்தபோது அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஜெயசிங் எழுதினார். எழுதி முடித்ததை அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

குடிநீர் ஆதாரம் எண் ஒன்று. சட்டை, நீலக்கட்டம். உரியவர்: கொம்பையா, இறந்தவர். இறந்த நாளில் இருந்து சொட்டுகிறது. நாற்பது குடம். ரத்தினசபாபதி உப்பள மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்தவர், நோய் இல்லை, குடிக்க உகந்தது.

குடிக்க உகந்தது என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. மூன்று வருஷமாகச் செத்தார் செத்தார் என்று அவள் தொண்டை கிழியச் சொன்னபோது மணல் சான்று ஆகாது என்றவர்கள், தண்ணீர் என்றதும் ஒரே மத்தியானத்தில் நாளும் இடமும் காரணமும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையைப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சட்டையின் காலரில் ஒன்று என்று எண் போட்ட தகரத்தைக் கம்பியால் கோத்தார்கள். கொடியைச் சுற்றி முள்வேலி போட்டுப் பூட்டினார்கள். வேம்படி அண்ணாச்சிக்குக் காக்கிச் சட்டையும் சாவியும் கொடுத்துக் காவல் வைத்தார்கள். வடக்கே ஒரு குழாய், தெற்கே ஒரு குழாய், திட்டுக்காரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு நாலு குடம். தன் பெண்டாட்டியின் சேலையைத் தொடுவதற்குக் கூட வேம்படி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது, அதையும் அவர் ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மாடத்தி மட்டும் ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று ஜப்லாவில் கோத்திருந்த பத்தொன்பதாம் எண் தகரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அந்தத் தகரம் துணியைவிடக் கனமாக ஆடியது.

வடிவு தாலுகா ஆபீசில் மனுப்போட்டு அந்தப் பட்டியலுக்கு அத்தாட்சி நகல் கேட்டாள். எதற்கு என்று கேட்ட குமாஸ்தாவிடம், என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்றாள். இருபத்தொரு நாள் கழித்து நகல் வந்தது. மனு எழுதுகிறவர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, யம்மா, இதுக்கு மேல ஒரு சான்று அரசாங்கத்துக்கே கிடையாது, கோட்டாட்சியர் கிட்டப் போ என்றார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் வேம்படி கூட்டம் போட்டார். ஒரு மணி நேரம் எல்லோரும் பேசினார்கள். நாற்பது குடம் என்பது சின்ன விஷயமா, செத்தவன் செத்துவிட்டான், தாள் வந்தால் எழுந்து வரப்போகிறானா, உன் ஒருத்தியின் வீம்புக்காகப் பிள்ளைகள் மறுபடியும் மூன்று மைல் நடக்க வேண்டுமா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் பேசி முடிக்கிற வரைக்கும் வடிவு காத்திருந்தாள்.

"நாலு வருசமா எம்புருசனைத்தான் எல்லாரும் குடிக்கிய. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பிள்ளைக குடிக்கட்டும்னுதான் விட்டேன். ஆனா அவிய சாகலன்னு ஒருத்தன் எழுதி என் கதவுல ஒட்டிட்டுப் போனானே, அப்போ உங்கள்ல ஒருத்தர் வந்து, நாங்க பார்த்தோம், நாங்கதான் குழி தோண்டினோம்னு சொன்னியளா? தண்ணி நின்னுரும்னு வாயை மூடிக்கிட்டிய. அளத்துக்காரன் மூடினதுக்கும் நீங்க மூடினதுக்கும் என்ன வித்தியாசம் அண்ணாச்சி?"

வேம்படி காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கூட்டம் கலையப் போகும்போது மாடத்தி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை.

"என் பிள்ளைக்குப் பேரு கேட்டா ஆபீஸ்காரன் பத்தொன்பதுங்கான். எனக்கு மூணு குடம் வேண்டாம்க்கா. என் பேரையும் உம் மனுவுல சேத்துக்கோ."

கோட்டாட்சியர் நகலைப் படித்தார், ஜெயசிங்கைக் கூப்பிட்டனுப்பி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம், ஆனால் அது தண்ணீர் விஷயமாக எழுதியது என்றார் ஜெயசிங். தண்ணீர் விஷயத்தில் செத்தவர் மற்ற விஷயத்தில் உயிரோடு இருப்பாரா என்று கோட்டாட்சியர் கேட்டார். கருவேலடி ஊராட்சியில் பதியச் சொல்லி உத்தரவாயிற்று. உத்தரவு வந்த அன்றைக்கு ரத்தினசபாபதியின் கார் ஜெயசிங் வீட்டு வாசலில் நின்றதைப் பால் ஊற்றப் போனவர்கள் பார்த்தார்கள். பத்து நாள் கழித்துச் சான்றிதழ் கைக்கு வந்தது. பெயர் சரியாக இருந்தது, நாள் சரியாக இருந்தது. இறந்த இடம் என்ற கட்டத்தில் சொந்த வீடு, கருவேலடி என்று போட்டிருந்தது.

வடிவு வீட்டுக்கு வந்து பார்த்தபோது வேலிக்குள்ளே சட்டையின் வலது பாதி காய்ந்து காற்றில் படபடத்தது, இடது பாதி முன்னைவிட வேகமாக ஊற்றிக்கொண்டிருந்தது. சரியாகப் பட்டன் வரிசை வரைக்கும் வந்து ஈரம் நின்றது. பொய் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று ஊரில் யாருக்கும் முன்னால் தெரியாது, ஆனால் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்தது. வேம்படியிடம் அவள் சாவி கேட்கவில்லை. வேலியை மிதித்துக் கொண்டு உள்ளே போனாள், காலில் முள் ஏறியது, தகரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நடந்த வழியெல்லாம் நனைய நனையக் கருவேலடிக்குப் போய், ஜெயசிங் ஆபீஸ் ஜன்னல் கம்பியில் உள்பக்கமாக அதைத் தொங்கவிட்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாள் தரை நனைந்தது, வாளி வைத்தார்கள். வாளி நிரம்பி அடுத்த வாளி வைத்தார்கள். இரண்டாவது நாள் கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது, பட்டா, அடங்கல், சாதிச் சான்று எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கினார்கள். தலையாரி சட்டையை எடுத்து வெளியே எறியப் போனவன், தொட்டதும் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். மின்சாரம் அடித்தது மாதிரி இருந்தது என்று அவன் சொன்னான். அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை. ஜெயசிங் அவளிடம் வந்து நல்லபடியாகப் பேசிப் பார்த்தார். எதற்கம்மா இந்தப் பிடிவாதம், செத்தார் என்று எழுதியாயிற்று, எங்கே செத்தால் என்ன என்றார். நீங்கள் எழுதிய இடத்தில் அவர் செத்தார் என்றால், நீங்கள் எழுதாத இடத்தில் அவரைக் கொன்றவன் தப்பித்துக்கொள்வான் என்று அவள் சொன்னாள். மூன்றாவது நாள் தண்ணீர் நாற்காலி உட்காரும் பலகையைத் தொட்டபோது, ஜெயசிங் பேண்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு நின்றபடியே பதிவேட்டில் திருத்தி எழுதினார். இறந்த இடம்: ரத்தினசபாபதி உப்பளம், மோட்டார் கொட்டகை, திட்டு. திட்டு என்ற சொல்லை அவர் கை எழுதிப் பழகியதில்லை, இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதினார். ஒரு வெற்றிலை மடித்துப் போடுகிற நேரத்தில் சட்டை காய்ந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. வேம்படி அவளோடு பேச்சை விட்டார், அவர் பெண்டாட்டியின் சேலை இன்றைக்கும் கொடியில்தான் சொட்டிக்கொண்டு கிடக்கிறது. அவரைப் போலப் பதினாறு குடும்பம் மனுவில் சேரவில்லை, அவர்களை வடிவு வற்புறுத்தவும் இல்லை. பதினாலு குடும்பம் சேர்ந்தது. ஒவ்வொரு சான்றிதழ் வரும்போதும் ஒரு துணி காய்ந்தது, வடக்குக் குழாயிலும் தெற்குக் குழாயிலும் அழுத்தம் குறைந்தது, கருவேலடியில் இருந்து ஆட்கள் வந்து வடிவின் வாசலில் நின்று கையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார்கள். உங்கள் ஊராட்சி நோட்டில்தான் திட்டு என்று எழுதியிருக்கிறது, அப்படி என்றால் நாங்களும் உங்கள் ஊர், ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் கேட்போம் வாருங்கள் என்று அவள் சொன்னாள். திட்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்த மூன்றாவது தடவைக்கு அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் லாரி வருகிறது. சில வெள்ளி வருவதில்லை. மோட்டார் திருட்டு வழக்கு தள்ளுபடியாகி, கொம்பையா சாவுக்கு ரத்தினசபாபதியின் மேல் வழக்குப் பதிவாகி, அவர் வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறார். வாய்தா தவறாமல் வடிவு போகிறாள். அவள் வயிற்றுக்குள் இருந்த கல் ஆறிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியும்.

மாடத்தியின் மனுதான் எல்லாவற்றிலும் கடைசியாக வந்தது. ஜெயசிங் மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவர் சின்ன வயசுக்காரர். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தையின் பிறப்பே பதிவாகவில்லையே, பிறக்காத குழந்தை இறந்ததாக எப்படிப் பதிவது என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, படிவத்தில் அப்படித்தான் இருந்தது. மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். வடிவு மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"பிறக்காத பிள்ள கிட்ட இருந்து ரெண்டு ஊருமா ஒரு வருசம் தண்ணி குடிச்சிய சார். அப்போ ஒருத்தரும் இதக் கேக்கல. ரெண்டு நோட்டையும் எடுங்க."

அவர் இரண்டு பதிவேட்டையும் எடுத்து வைத்தார். பிறப்புப் பதிவேட்டைத் திறந்து, பெயர் வைக்காத குழந்தை என்றால் வெறுமனே பெண் குழந்தை என்று போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி எழுதத் தொடங்கினார். மாடத்தி அவர் கையைப் பிடித்தாள்.

"பேரு உண்டு" என்றாள். "அஞ்சு நாளும் கூப்பிட்டேன். பூரணம்."

அது அவள் புருஷனுக்கே தெரியாத பெயர். அவர் எழுதினார், எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்லி மாடத்தி இரண்டு தடவை அந்தப் பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எழுதி முடித்ததும் அவர் வழக்கம்போல் அடுத்ததாக இறப்புப் பதிவேட்டுக்குக் கையை நீட்டினார். அதன் அட்டையின் மேல் வடிவின் கை இருந்தது. உப்பு வாரி வாரி வெடித்துப்போன கை, அழுத்தி வைத்திருந்தாள்.

"இருங்க" என்றாள். "அதுல மை காயட்டும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மாடத்தி திறந்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வடிவு கையை எடுக்கவில்லை.